செய்திக்கு வால் தேடிய லீவு

போன கிழமை நம் பள்ளிக்கூடக் கூட்டாளிகளின் போன் குழுவில் ஒருத்தி ஒரு செய்தி போட்டிருந்தாள். ஏதோ ஒரு இலையை அரைத்து வெறும் வயிற்றில் குடித்தால் சீனி வியாதி இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று. உடனே பூவும் கும்பிடும் கட்டைவிரலுமாக வந்து குவிந்தன. நான் மட்டும், "இதை யார் சொன்னது?" என்று கேட்டேன். அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "வயசு போனாலும் இவளுக்குக் குறுக்குக் கேள்வி போகல" என்றாள் ஒருத்தி. சீனி வியாதிக்காரியான எனக்கே அந்த இலை வேண்டாமா என்று இன்னொருத்தி கேட்டாள்.

எனக்கு ஆசை இல்லை என்று யார் சொன்னது? ஒரு இலையைக் குடித்துவிட்டு இந்தப் பாழாய்ப்போன மருந்துக் குளிசைகளை எல்லாம் தூக்கி எறியலாம் என்றால் முதல் ஆளாக நான்தான் நிற்பேன். ஆனால் பத்து வயதில் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் விடமாட்டேன் என்கிறது. அது எப்படி ஒட்டியது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

அந்த வருஷத்து ஆகஸ்ட் லீவு உங்களுக்கு மறந்திருக்காது. பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த யானைகள் ஒரு பக்கம் தெருவில் ஆடி அசைந்து போக, இன்னொரு பக்கம் நாம் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றோம். கோதுமை மா கிடைக்கவில்லை, சீனி கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்குதான். காலையில் அவித்துக் கட்டச்சம்பலோடு சாப்பிட்டோம், பொழுதுபட்டால் அதையே குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். கிழங்கு வேகும்போது மண்ணும் ஆவியுமாக ஒரு வாசனை வருமே, இப்போதும் எங்காவது அது மூக்கில் பட்டால் எனக்கு அந்த லீவுதான் நினைவுக்கு வரும்.

டவுனில் இருந்த நமக்கே அந்தக் கதி என்றால் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் கேட்கவே வேண்டாம். அம்மாவின் தங்கை, என் சித்தி, ஹந்தானைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் இருந்தாள். லீவு விட்ட அன்றைக்கே தன் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். "லீவு முடியுற வரைக்கும் நிக்கட்டும் அக்கா, பெரஹரா பாக்கணும்னு ஒரே அழுகை" என்றாள். அழுததற்குக் காரணம் பெரஹரா இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். அம்மா பிள்ளையின் துணிப் பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

சித்தி மகள் என்னைவிடச் சில மாதங்கள்தான் சின்னவள். முறைக்குத் தங்கச்சி. ஆள் மெலிந்து கழுத்தெலும்பு தெரிய வந்து நின்றாள், ஆனால் கண் மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. எழுத்து என்று எதைக் கண்டாலும் வாசிப்பாள். மருந்துப் போத்தலின் லேபலை வாசிப்பாள், தீப்பெட்டியை வாசிப்பாள், கடையில் சாமான் சுற்றிக்கொடுத்த காகிதத்தைப் பிரித்து எண்ணெய்க் கறைக்குள் ஒளிந்திருக்கும் எழுத்தைக்கூட வாசிப்பாள். லயத்தில் அவளுக்குக் கிடைத்த வாசிப்பு அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு புதையல் கிடைத்தது. கட்டுக்கலைப் பக்கம் ஒரு கடைக்கு மேலே எங்கள் வீடு. அங்கே அம்மாவின் பெரிய அலுமாரித் தட்டுகளில் பழைய பேப்பர் விரித்திருக்கும். மழை ஏழு நாளும் விடாமல் பெய்த அந்தக் கிழமையில், மடித்த சேலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டுத் தட்டாக அவள் வாசித்தாள். பாதி செய்தி பூச்சி உருண்டைக்கு அடியில் இருக்கும். உருண்டையை நகர்த்தி மீதியை வாசிப்பாள். சேலைக்குள் தலையை விட்டு நிற்கிறாளே என்று அம்மா முதலில் பயந்துபோனாள்.

புதுப் பேப்பர் வாசிப்பது அப்பாவின் அதிகாரம். அப்பா புடவைக்கடையில் வேலை பார்த்தார். கடைக்கு வரும் பேப்பரை எல்லோரும் பார்த்து முடித்ததும் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் புதுத் துணியின் கஞ்சி வாசனை அடிக்கும். முகம் கழுவி, சாய்வுக் கதிரையில் உட்கார்ந்து, சத்தமாக வாசிப்பார். அம்மா சமையலுக்கு நடுவே குசினி வாசலில் நின்று கேட்பாள். முன்னறையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து மாமா, தபால் கந்தோரில் வேலை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "ஓம்... ஓம்..." என்று தலையாட்டுவார். அப்பாவுக்கு நல்ல குரல். ரேடியோவில் இருக்க வேண்டிய ஆள் என்று மாமா அடிக்கடி சொல்வார், அப்பாவும் அதை மறுக்கமாட்டார்.

ஒரு நாள் அப்பா வாசித்தார்: "கோதுமை மாவின் விலை குறையும்." அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் கடைக்குப் போனால் விலை குறைவது இருக்கட்டும், மாவே இல்லை. கடைக்காரரோடு அம்மா ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தாள், பேப்பரிலேயே போட்டிருக்கிறான், நீங்கள் ஒளித்து வைக்கிறீர்கள் என்று. அன்றைக்குப் பின்னேரம் தங்கச்சி அந்தப் பேப்பரை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள்.

"இங்க பாரு. பெரியப்பா பாதியில நிறுத்திட்டாரு."

அவள் விரல் வைத்த இடத்தில், 'கோதுமை மாவின் விலை குறையும் என எதிர்பார்க்கப்படுகிறது' என்று இருந்தது.

எங்களுக்கு வியப்பாகப் போயிற்று. மறுநாள் அப்பா வாசிக்கும்போது இரண்டு பேரும் அவர் கதிரைக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தோம். சந்தேகமே இல்லை. 'எனத் தெரிவிக்கப்படுகிறது', 'என்று நம்பப்படுகிறது', 'எனக் கூறினார்' என்று எது வந்தாலும் அப்பா அதற்கு முன்னாலேயே மூச்சு விட்டு, கணீரென்று முடித்துவிடுவார். அது அவர் தொழிலோடு வந்த பழக்கம் என்று இப்போது நினைக்கிறேன். புடவைக்கடையில் நின்றுகொண்டு, "இந்தச் சேலை சாயம் போகாது என்று நம்பப்படுகிறது" என்று சொன்னால் யார் வாங்குவார்கள்?

தங்கச்சிதான் அதற்கு வால் என்று பெயர் வைத்தாள். நம் பேச்சில் விஷயம் முன்னால் ஓடிவிடும், அதைச் சொன்னது யார், கண்ணால் பார்த்தாரா, காதால் கேட்டாரா என்பதெல்லாம் கடைசியில் மெதுவாக வரும். கடைசி வரைக்கும் காத்திருக்காதவன் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுவான். இதைப் பத்து வயதில் நாங்கள் இப்படி விளக்கமாகச் சொல்லவில்லை. "வால் எங்கடி, வாலைக் காட்டு" என்று கத்தினோம், அவ்வளவுதான்.

அது ஒரு விளையாட்டாக வளர்ந்தது. ஒருத்தி செய்தியை வாசிப்பாள், வாலைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வாள். மற்றவள் அது என்ன வால் என்று சொல்ல வேண்டும். 'மந்திரி கூறினார்' என்றால் நாய் வால், யாருடையது என்று தெரியும், தேவைப்பட்டால் போய்க் கேட்கலாம். 'கூறப்படுகிறது' என்றால் நரி வால், புதருக்குள் ஆடுவது மட்டும் தெரியும், ஆளைக் காணோம். 'எதிர்பார்க்கப்படுகிறது' பல்லி வால். பிடித்தால் வால் கையில் இருக்கும், பல்லி போய்விடும்.

பிறகு காதில் விழுவதற்கெல்லாம் வால் தேடத் தொடங்கினோம். அதில் ஒரு அதிசயம் கண்டோம். பேப்பரைவிட, கீழே பைப்படியில் வம்பு பேசுகிற பெண்கள்தான் ஒழுங்காக வால் வைத்துப் பேசினார்கள். "அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளாம். நகையெல்லாம் கழட்டிக் குடுத்துட்டாளாம்." ஒரு 'ஆம்' தவறாது. கேள்விப்பட்டதைப் பார்த்ததாகச் சொல்லமாட்டார்கள். அம்மாவும் அப்படித்தான். அப்பா சத்தமாக உறுதியாகச் சொன்னதை அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லும்போது அம்மா தானாகவே ஒரு 'ஆம்' சேர்த்துவிடுவாள்: "மா வெல கொறையுமாம்."

இந்த 'ஆம்' எங்களை வேறொரு வம்பில் மாட்டிவிட்டது. எங்கள் வீட்டில் சம்மதம் என்றால் 'ஆமா'. முன்னறை மாமாவுக்கு 'ஓம்'. வெறும் 'ஆம்' என்று வாயால் சொல்கிற ஒரு மனிதரையும் நாங்கள் கண்டதில்லை. தங்கச்சியின் லீவுப் பாடத்தில், 'நீ பல் துலக்கினாயா? ஆம், துலக்கினேன்' என்று இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ பல்லு வெளக்கலடி! வெளக்கினாளாம்! யாரோ சொல்றாங்க!" நான் அவளைத் திருத்தப் பார்த்தேன். திருத்தப் போன எனக்கே குழம்பிவிட்டது. கேள்விப்பட்டதற்கும் ஆம், உண்மைக்கும் ஆம் என்றால் என்ன பாஷை இது? மாமாவிடம் போய்க் கேட்டோம். அவர் யோசித்துவிட்டு, "அதாலதான் பிள்ளையள் நாங்கள் ஓம் எண்டு சொல்லுறம்" என்றார். அது உண்மையா, எங்களைச் சமாளித்தாரா என்று இன்றைக்கும் தெரியாது.

இன்னொரு புதிர் வந்தது. வால் இல்லாத செய்தி எல்லாம் உண்மை என்று முடிவு கட்டியிருந்தோம். மரண அறிவித்தலுக்கு வால் இல்லை. 'காலமானார்' என்று போட்டால் காலமானவர்தான். ஆனால் அதே பக்கத்தில், ஒரு தைலத்தைத் தேய்த்தால் 'முழங்கால் வரை கூந்தல் வளரும்' என்று விளம்பரம் இருந்தது. அதற்கும் வால் இல்லை. தங்கச்சி தன் எலிவால் சடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். அப்பா வீட்டுக்கு வந்ததும் நேரே போய் நின்றாள்.

"பெரியப்பா, கடையில சாயம் போகாதுன்னு சொல்வீங்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பனிக்காரன் சொல்றான்."

"அப்ப போகாதாம்னு சொல்லணும் பெரியப்பா."

அம்மா குசினிக்குள் போய்ச் சிரித்தாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் தொழிலைக் குறை சொன்னது கொஞ்சம் சுட்டது. "போகாதுன்னா போகாது. வேணும்னா ஊறவச்சுப் பாரு" என்றார். சொன்னால் செய்கிற பிள்ளை அவள். மறுநாள் கடையில் இருந்து வந்த சிவப்பு வெட்டுத்துண்டு ஒன்றை வாளிக்குள் போட்டோம். அந்த வாளியில் அம்மா ஏற்கனவே அப்பாவின் வேட்டியை ஊறவைத்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அப்பா கோயிலுக்கு ரோஸ் நிற வேட்டியோடு போனார். வாயைத் திறந்து எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்ட அவருக்கு வழி இல்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

அந்தக் காலத்தில் தோட்டத்து வீடுகளில் இந்தியாவுக்குப் போவதா இருப்பதா என்பதுதான் பேச்சு. இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். தாத்தா காலத்தோடு விட்டுவந்த ஊர், இவர்கள் கண்ணால் பார்த்திராத ஊர். சித்தப்பா கையிலும் ஒரு பத்திரம் இருந்தது. போகச் சம்மதம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தால் அடுத்த தொகுதியோடு ரயில் ஏற வேண்டியதுதான். அவர் வைக்கவும் இல்லை, வேண்டாம் என்று எறியவும் இல்லை. பேச்சுக் குறைந்த மனிதர் அவர். மகளைப் பார்க்க அன்றைக்கு வந்தவர், கதிரையில் உட்காராமல் சுவரோரமாக நின்று அப்பா வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தியா செல்லும் குடும்பங்களுக்கு வீடும் நிரந்தரத் தொழிலும் வழங்கப்படும்" என்று வாசித்து அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"இன்னொரு தடவ வாசிங்கண்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா இன்னும் நிறுத்தி, இன்னும் நன்றாக வாசித்தார். பிறகு, "யோசிக்காத தம்பி. இந்தக் கூப்பன் அரிசிக்கும் அந்த ஒத்த ரூம் காம்பராவுக்கும் இது எவ்வளவோ மேல். ஞாயித்துக்கெழம பத்திரத்தக் கொண்டா, நான் நிரப்பித் தாறேன்" என்றார். சித்தப்பா தலையாட்டினார். மகளின் தலையில் கையை வைத்துவிட்டுப் படியிறங்கும்போது, 'வீடும் நிரந்தரத் தொழிலும் வழங்கப்படும்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனார். மனப்பாடம் செய்கிற பிள்ளையின் முகம் அவருக்கு.

பேப்பர் எங்கள் கைக்கு வந்ததும் வழக்கம்போல வால் பார்க்க உட்கார்ந்தோம். 'வழங்கப்படும்' என்பது ஒரு பத்தியின் அடியில் முடிந்திருந்தது. மீதி அடுத்த பத்தியின் தலையில் இருந்தது: 'எனத் தாம் நம்புவதாகப் பெயர் குறிப்பிட விரும்பாத பிரமுகர் ஒருவர் தெரிவித்ததாக அறியப்படுகிறது.'

"மூணு வாலு!" என்று நான் கத்திவிட்டேன். அதுவரைக்கும் ஒரு செய்திக்கு மூன்று வால் நாங்கள் பார்த்ததில்லை. நம்புவதாக, தெரிவித்ததாக, அறியப்படுகிறது. பிரமுகர் என்றால் யார் என்று தெரியாமல் முன்னறைக்கு ஓடினோம்.

"பெரிய ஆள் எண்டு அர்த்தம்" என்றார் மாமா.

"பேரு என்ன?"

அவர் பேப்பரை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, மேலும் கீழும் பார்த்தார். "பேர் போடேல்லையே பிள்ளை" என்றார். பிறகு எங்களையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டு விவகாரம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். தங்கச்சி சிரிக்கவில்லை. "இது எங்களப் பத்தி எழுதினது" என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்தப் பல்லி வாலைப் பிடித்துக்கொண்டு ரயிலும் கப்பலும் ஏறப் போவது இவள்.

அதற்குப் பிறகு எங்கள் யோசனை வேறு பக்கம் போயிற்று. மா விலையை அப்பா பாதியில் நிறுத்தினார், சரி, பழக்கம். இதையும் ஏன் நிறுத்தினார்? தெரிந்தே செய்தாரா? இரண்டு நாட்களுக்கு முன்னால்தான் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்த அம்மாவிடம் அப்பா தாழ்ந்த குரலில், "இந்த மாசம் எப்படித் தள்ளப் போறோம்?" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்திருந்தது. தங்கச்சி அதையும் இதையும் சேர்த்து, தங்களுக்குச் சோறு போட முடியாமல்தான் இந்தியாவுக்கு அனுப்பப் பார்க்கிறார் என்று ஒரு கணக்குப் போட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் பாதி கிழங்கைத் தட்டில் ஒதுக்கிவிட்டு, "எனக்குப் போதும் பெரியம்மா" என்றாள். பசி முகத்தில் எழுதியிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்த அப்பாவைப் பார்த்து நெஞ்சு கசந்த முதல் நாள் அது.

ஞாயிற்றுக்கிழமை சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். சித்தி பறித்துக்கொண்டு வந்த கீரையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பா சட்டைப் பைக்குள் இருந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அப்பா பேனாவின் மூடியைக் கழற்றினார். தங்கச்சி உள்ளே போய் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தாள். நேரே அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"பெரியப்பா, அன்னிக்கு நீங்க முழுசா வாசிக்கல."

"பெரியவங்க பேசுற எடத்துல உனக்கென்ன வேல? உள்ள போ!"

"இருங்கண்ணே" என்றார் சித்தப்பா. "பிள்ள வாசிக்கட்டும்."

அவள் வாசித்தாள். ஒரு பத்தியில் இருந்து மறு பத்திக்கு விரலை எடுத்து வைத்து, ஒரு வார்த்தை விடாமல், 'அறியப்படுகிறது' வரைக்கும்.

"குடுப்பாங்கன்னு நம்புறாராமா?" என்று சித்தப்பா கேட்டார். அப்பா பேப்பரை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்துப் போயிற்று. "அது பேப்பர்க்காரன் வழக்கம் தம்பி. எத எழுதினாலும் கடைசியில அப்படி ஒண்ணு ஒட்டாம விடமாட்டான்" என்றார். சொல்லும்போதே அவருக்கு அது சரியாகப் படவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

சித்தி பேப்பரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேப்பர விடுங்கத்தான். நீங்களா இருந்தா போவீங்களா?"

அப்பா பேனாவின் மூடியை மாட்டினார், மறுபடி கழற்றினார். எங்கோ கீழே பெரஹராவுக்கு மேளம் பழகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் போகமாட்டேன்" என்றார்.

"அப்ப எங்கள மட்டும் ஏன் போகச் சொல்றீங்க?"

நானும் தங்கச்சியும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். அரிசிப் பானையைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"போன மாசம் கடை வாசல்ல தோட்டத்துச் சனம் கை நீட்டிக்கிட்டு வந்து நின்னிச்சு" என்றார் அப்பா. "அதுல ஒரு பொம்பள, தலையில கம்பளி போட்டிருந்தா. நீதான்னு நெனச்சேன். துணிய அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு ஓடினேன். வேற யாரோ. அன்னிலருந்து எனக்குத் தூக்கமில்ல. நாளைக்கு நீயே வந்து அங்க நின்னா நான் என்ன செய்வேன்? அங்க போனாவது நீயும் பிள்ளையும் வயித்துக்குத் தின்னுவீங்கன்னு நெனச்சேன். சாமி சத்தியமா, இந்தக் கடைசி வரி என் கண்ணுல படல."

சொல்லி முடித்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அப்பா அழுது அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அன்றைக்கு நம்பினேனா என்று கேட்டால் தெரியாது, இன்றைக்கு முழுதாக நம்புகிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த ரிப்போட்டில் எனக்குப் பிடித்த வரியை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைக்கிற ஆள் நான். மற்ற வரி அங்கேயேதான் இருக்கும், கண் போகாது. அப்பா யாரையும் ஏமாற்றவில்லை. தங்கைக்குச் சமமான ஒருத்தி வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டார், அந்த ஆசை 'வழங்கப்படும்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அவரை ஒரு கிழமை முழுக்கக் கெட்டவராக வைத்திருந்த நானும் தங்கச்சியும் பாதிதான் வாசித்திருந்தோம்.

சித்தி எழும்பி நின்றாள். "பசிச்சா நான் கடை வாசலுக்கு வரமாட்டேன், இந்த வீட்டுக்குத்தான் வருவேன். கதவத் திறப்பீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

"திறப்பேன்" என்றார் அப்பா, துண்டுக்குள் இருந்தபடியே.

சித்தி பத்திரத்தை அப்பாவின் மடியில் இருந்து எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தாள். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், பிறகு அதில் கையெழுத்து வைக்கவே இல்லை. அம்மா உள்ளே போய், நாளைக்கு என்று வைத்திருந்த கிழங்கையும் சேர்த்து உலையில் போட்டாள். தங்கச்சி அன்றைக்கு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவர்கள் இருந்தது சரிதானா என்று என்னைக் கேட்காதீர்கள். போனவர்களில் சிலர் அங்கே வீடு வாசலோடு நன்றாக இருக்கிறார்கள், சிலர் எந்த வீட்டையும் காணாமல் ஏதோ ஒரு மலையில் விறகு வெட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். இங்கே இருந்த சித்தப்பாவோ வெகுகாலம் குடியுரிமை இல்லாமல், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மனிதராக இருந்தார். பசித்தபோது சித்தி வந்தாள். எங்கள் வீட்டில் இருந்ததைச் சாப்பிட்டாள், இல்லாதபோது வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். அப்பா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

பல வருஷங்கள் போன பிறகு ஒரு நாள், இனக்கலவரத்தில் டவுனில் நம் தமிழ் ஆட்களின் கடைகள் எரிந்தன. அந்தப் பகலை உங்களுக்கும் நான் விளக்கத் தேவையில்லை. அப்பாவின் புடவைக்கடை எரிகிற புகை எங்கள் ஜன்னலுக்குள் வந்தது. உடுத்த துணியோடு நானும் அம்மாவும் அப்பாவும் பின்பக்கப் பாதையால் ஹந்தானைக்கு ஏறினோம். வழியெல்லாம் அப்பா ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "அவங்களுக்கே ஒரு காம்பராதான். சம்பளம் வந்துச்சோ என்னமோ. மூணு பேர் போய் நின்னா என்ன செய்வாங்க?" லயம் தெரிந்ததும் அவர் நடை தளர்ந்துவிட்டது. என்ன சொல்லிக் கேட்பது என்று யோசிக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

சித்தி வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. அப்பா மூச்சு வாங்க ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"மொதல்ல உள்ள வாங்கத்தான்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள் சித்தி. "சோறு ஆறுது."